கழுத்து ஆசான்

குற்றாலத்தில் சாரல் விழுந்த மறுநாளே, தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்துவிடும். அதுவரை நாற்காலியில் கிடந்த உடம்பு வேனில் ஏறி, வழியெல்லாம் தின்று, தென்காசியைத் தாண்டும்போது 'எனக்கு முதுகு', 'எனக்குத் தோள்' என்று போட்டி போட்டுக்கொண்டு வந்து இறங்கும். அப்படி இறங்குகிறவர்களில் கழுத்துக்கு மேலே பெரிதாக ஒன்றும் இல்லாதவர்கள் உண்டு. கழுத்துவலி இல்லாதவர்கள் மட்டும் கிடையாது. இந்த ஒன்றை நம்பித்தான் சிவனணைந்தபெருமாளின் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் எண்ணெய் தேய்க்கிறவர். அப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'கழுத்து ஆசான்' என்று சொல்ல வேண்டும். தகரப் பலகையில் அப்படித்தான் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அதற்குக் கீழே 'பரம்பரை வர்மம்' என்றும் இருந்தது. எந்தப் பரம்பரை என்று கேட்டால் மார்த்தாண்டம் இருக்கிற திசையில் கையைக் காட்டுவார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே ஒரு வைத்தியர் வீட்டில் அவர் இருந்தது உண்மைதான்.

"இருந்தாரு. உரலுக்குப் பக்கத்துல இருந்தாரு. மருந்து இடிக்க ஆளு வேணும்னு கூட்டிட்டுப் போனாவ" என்பாள் அவர் மனைவி மூக்கம்மாள்.

அருவியில் எண்ணெய் ஆகாது என்று தடை வந்த பிறகு தேய்க்கிறவர்கள் எல்லோரும் விடுதிகளின் பின்பக்கங்களுக்கு ஒதுங்கினார்கள். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், சிவனணைந்தபெருமாளுக்கு ஒரு கல் உண்டு. யாரோ இடித்த வீட்டின் பழைய வாசற்படி. சீசனில் அந்தக் கல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சோறு. இரண்டு நாள் ஆள் வராவிட்டால் மூன்றாம் நாள் அதில் வேறொருவன் எண்ணெய்ச் சட்டியோடு நிற்பான். நாற்காலியை விடாத பெரிய மனிதர்களைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. ஆனால் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், கல்லாக இருந்தாலும் விட முடியாது.

அவருடைய பெயருக்குக் காரணம் சொடக்கு. உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டி, தோளைப் பிசைந்து, தண்டுவடத்தின் இரு பக்கமும் பெருவிரலால் உழுது, இடுப்பில் முட்டியால் மிதித்து, எல்லாம் முடிந்தபின் ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பின்மண்டையிலும் வைத்து "மூச்ச விடுங்க" என்பார். விட்டதும் சடாரென்று ஒரு திருப்பு. விடலைத் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். சத்தம் வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று உலகம் நம்புகிறது. மேடைகளும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

சீசன் இல்லாத மாதங்களில் ஆசான் மூட்டை தூக்கினார். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில். இதைக் குற்றாலத்தில் யாரிடமும் சொல்லமாட்டார். பங்குனியில் அங்கே ஒரு கமிஷன் கடைக்காரர் புது லாரி வாங்கினார். சந்தனம் பூசி, மாலை போட்டு, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணேறைக் கழித்துவிட்டு, "இனிமே வண்டிக்கு ஒரு கொறையும் வராது" என்று அறிவித்தார். வண்டி ஒரு முழம் முன்னால் நகர்ந்து சுமை ஏற்ற நின்றது. பிடரியில் மூட்டையோடு வந்த சிவனணைந்தபெருமாள் அந்த நசுங்கிய பழத்தின் மேல் கால் வைத்து வழுக்கி, மூட்டை கழுத்தில் இறங்க விழுந்தார். கடைக்காரர் சொன்னது சரிதான். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். கழுத்து ஆசான் தன் கழுத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவதா? மூக்கம்மாளின் தம்பி சுடலைமணியைக் கூப்பிட்டனுப்பினார். அவரிடமே தொழில் கற்றவன். சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "தாடையப் பிடிலே. நான் மூச்ச விட்டதும் திருப்பு" என்று ஆணையிட்டார். சுடலைமணி திருப்பினான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. "கொள்ளாம்லே" என்று பாராட்டவும் செய்தார். சாயங்காலத்திலிருந்து வலதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின.

திருநெல்வேலியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்தெலும்பு ஒன்று விலகித் தண்டுவடத்தை நெருக்குகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதுவரை கழுத்துப்பட்டையைக் கழற்றக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஒரு குலுக்கல் போதும், கையும் காலும் மொத்தமாக நின்றுபோகும் என்றார். சிவனணைந்தபெருமாள் படத்தை ஒரு சக தொழிலாளியின் பார்வையோடு ஆராய்ந்தார்.

"இது படுத்திருக்கும்போது எடுத்தது சார். உக்காந்தா சேந்துரும்."

டாக்டர் படத்தை உறையில் போட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அது ஆனியில் விழுந்தது. சாரலும் ஆனியில்தான் விழுந்தது.

குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டைச் சுற்றி இப்போது நகர்களாக முளைத்துவிட்டன. எதிரே இருப்பது அருவிச்சோலை நகர். அங்கே அருவியும் இல்லை, சோலையும் இல்லை. ஒரு வேப்பமரம் இருந்தது. நுழைவு வளைவு கட்ட இடைஞ்சல் என்று அதையும் வெட்டிவிட்டார்கள். அந்த வளைவைப் பார்த்தபடி இருக்கிற ஓட்டுவீட்டில், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்திய காலையில், மூக்கம்மாள் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். செங்கோட்டை ரோட்டில் சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுகிறவள். கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே காய் சீவும் கட்டையைப் பிடித்துச் சீவ வேண்டும். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்புகள். புருஷனும் பெண்டாட்டியும் எண்ணெயில் பிழைக்கிற வீடு அது. அவருடைய எண்ணெய்க்குப் பரம்பரை உண்டு. அவளுடையது வெறுமனே சுடும்.

களியைத் தட்டில் தட்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெய் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"தின்னும். எலும்புக்கு நல்லது."

"எலும்புக்கு ஒண்ணுமில்லட்டி. நரம்பு ஒண்ணு சிக்கியிருக்கு. நாலு ஒடம்பத் தேய்ச்சா எளகிரும்."

"ஆமா. அந்த டாக்டரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு மாடு மேச்சிருக்காரு. நாளைக்குக் காலம்பற அங்கன போய்ச் சேரணும். நெனப்பு இருக்கா?"

"சீசன் முடியட்டும்."

"இந்த நாள விட்டா பொறவு எப்பம் கூப்பிடுவாவளோ. சீசன் முடியுறப்ப நீரு வீட்டுக்கு எப்பிடி வருவீரு? நடந்தா? நாலு பேரு தூக்கிட்டா?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா மூதிக்கு வாயப் பாரு!"

"வாய்க்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கழுத்தும் நல்லாருக்கு. நான் எந்தக் கழுதைக்கிட்டயும் அதக் குடுத்துத் திருப்பச் சொல்லல."

"உந்தம்பிதான் திருப்புனான்."

"கிறுக்கன் சொன்னா கேக்குறவனுக்கு மதி எங்கட்டு போச்சு? அவனையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

சிவனணைந்தபெருமாள் பேச்சை மாற்றினார். "இன்னைக்கு லிங்கேஸ்வரன் சார் வாறாரு. சம்பந்தியையும் கூட்டிட்டு வாறாராம். எங் கை படலன்னா அவருக்கு வருசம் முழுக்கக் கழுத்து திரும்பாது."

"அவரு கழுத்து திரும்பலன்னா அவரு பொண்டாட்டி நிம்மதியா இருப்பா. உம்ம கழுத்து நின்னுட்டா நான்லா பீத்துணி அள்ளணும்."

அவர் களியில் கை வைத்தார். ஒரு உருண்டை பிடித்துத் தூக்கினார். அது விரலிடுக்கில் நழுவி வேட்டியில் விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடியும் விழுந்தது. கை அங்கேதான் இருந்தது, அது களியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. அடுப்புப் பக்கம் அவள் திரும்பிய நேரம் பார்த்து இடதுகையால் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

அவள் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை.

மூக்கம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியில் கிடந்த களியை வழித்து எடுத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். வயர்கூடையில் எண்ணெய்ப் போத்தலையும் துண்டையும் அவளே எடுத்து வைத்தாள். அந்த வீட்டில் அவள் ஏசிக்கொண்டிருக்கிற வரைக்கும் பயமில்லை. வாயை மூடினால் எங்கேயோ என்னவோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஆசானுக்கு அந்த வர்மம் மட்டும் பிடிபடவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் தெரு முக்கு திரும்பியதும் அவள் போனை எடுத்தாள்.

"ஏலே மணி, ஒங்கத்தான் கல்லு மேல ஒனக்கு எத்தன நாளாக் கண்ணு?"

"யக்கா, நான் அப்பிடியெல்லாம் நெனப்பனா…"

"நெனச்சேல்லா?"

"இல்லக்கா… பெறகு, அத்தானுக்கும் முடியல… கல்லு சும்மா கெடக்கக் கூடாதுன்னு…"

"இன்னைக்கு ஏறி நின்னுக்கோ. நான் வாறேன். நான் சொல்லுத வரைக்கும் வாயத் தொறக்காத. ஒடச்சவன் நீ. ஒனக்குப் பரிசு குடுக்கேன்னு நெனச்சிராத."

பஸ் நிறுத்தத்தில், கல்யாண பேனர் ஒன்றின் பின்னால் நின்று சிவனணைந்தபெருமாள் பட்டையைக் கழற்றினார். தினமும் நடப்பதுதான். கழுத்தில் பட்டை கட்டியவனிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான்? வழுக்கைத்தலையன் கூந்தல் தைலம் விற்கிற மாதிரி ஆகிவிடும். பட்டையை வயர்கூடையின் அடியில் வைத்துத் துண்டைப் போட்டு மூடினார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இரு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், "பல்வலியா அண்ணாச்சி? கிராம்பு வையுங்க" என்றார்.

லிங்கேஸ்வரன் விருதுநகர்க்காரர். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்த காலத்தில் எந்தக் கோரிக்கைக்கும் அவர் தலையை அசைத்தது கிடையாது. அப்படிப் பத்திரமாக வைத்திருந்த கழுத்து எப்படித் தேய்ந்தது என்பது அவருக்கே விளங்காத மர்மம். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"சம்பந்தி முன்னால கடையில பஜ்ஜி சாப்பிடுறாரு. அவருக்கு எதுவா இருந்தாலும் ஸ்கேன், டாக்டர். வழியெல்லாம் உங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். என் கழுத்தைப் புரிஞ்சவங்க உலகத்துல ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு ஆசான்."

"சொல்லுங்க சார்."

"இந்த வருஷம் வலி இடது பக்கம் மாறியிருக்கு. நானும் எவ்வளவோ தாங்குறேன். என்னோட இடத்துல வேற ஒருத்தன் இருந்தா படுத்திருப்பான்."

"படுத்துத்தான் இருப்பான் சார்."

எண்ணெய் மணத்தோடு சாரல் தொட்டிக்கு அடியில் சாய்ந்து அடித்தது. மற்ற வருஷங்களில் சிவனணைந்தபெருமாள் குனிந்து, தன் உடம்பின் பாரம் முழுவதையும் பெருவிரல்களில் இறக்குவார். இப்போது குனிய முடியாது. ஓர் அழுத்து அழுத்தினால் பிடரியிலிருந்து முழங்கை வரை ஒரு சுரீர். காலை அகட்டி, முட்டியை மடக்கி, தலையை மட்டும் சப்பரத்தில் வருகிற சாமி மாதிரி நேராக வைத்துக்கொண்டு, முன்னங்கையால் உருட்டினார். கீழே பார்க்க முடியாததால் எண்ணெய் சில நேரம் முதுகிலும் சில நேரம் தரையிலும் ஊற்றப்பட்டது. பல்லைக் கடித்து ஒவ்வொரு இழுவையையும் இழுத்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கத் தலையைத் திருப்ப வேண்டும். இறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விடுதிச் சன்னல் கண்ணாடியில் அவரைப் பார்த்த லிங்கேஸ்வரன், "இந்த வருஷம் உங்க நிலையிலேயே ஒரு கம்பீரம் வந்திருக்கு ஆசான். நேரா, அப்படியே தூண் மாதிரி. யோகா பண்றீங்களோ?" என்றார்.

"பயிற்சிதான் சார்."

"பாருங்க. ஒழுக்கம்னா இது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு முதுகெலும்பே கிடையாது."

இடுப்பு முடிந்தது. கால் முடிந்தது. லிங்கேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, "ம், வைங்க" என்றார். வருஷம் முழுக்க அவர் காத்திருந்தது இதற்காகத்தான்.

சிவனணைந்தபெருமாள் இடதுகையைப் பின்மண்டையில் வைத்தார். வலதுகையைத் தாடைக்குக் கொண்டுபோனார். எண்ணெயில் வழுக்கியது. மறுபடி வைத்தார். பிடித்திருப்பது தாடையா, காதா, தொண்டையா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. காலையில் களியைப் பிடித்த கை. ஒரு கணம் விட்டுவிடலாமா என்று நினைத்தார். மேலே பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

"மூச்ச விடுங்க சார்."

லிங்கேஸ்வரன் விட்டார்.

"கைய எடும்."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை. மூக்கம்மாள் சிப்ஸ் கடைத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பின்னால் சுடலைமணி குடையை விரித்தபடி, மழை இல்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏட்டி, ஆளு இருக்காவ. அந்தாண்ட போ."

"ஆளு இருக்காவன்னுதான் வந்தேன்."

வயர்கூடையைக் கவிழ்த்தாள். துண்டோடு சேர்ந்து பட்டை விழுந்தது. அவர் தோளைப் பிடித்துக் கல்லின் ஓரத்தில் உட்காரவைத்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவளைப் போலல்லாமல், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறவளைப் போலப் பட்டையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து ஒட்டினாள். அதன் பிறகு லிங்கேஸ்வரனிடம் திரும்பினாள்.

"இவருக்குக் கழுத்தெலும்பு வெலகிக் கெடக்கு சார். நாளைக்கு ஆஸ்பத்திரில சேரணும். கை மரத்துப்போச்சு, ஒரு வாய்ச் சோறு எடுக்க முடியல. அந்தக் கையத்தான் உம்ம தொண்டையில வச்சிருந்தாரு."

லிங்கேஸ்வரன் எழுந்துவிட்டார். எண்ணெய் வழிந்தது.

"எவ்வளவு பெரிய மோசடி! எலும்பு உடைஞ்ச ஆளு என் கழுத்துல கை வைக்கிறதா? எனக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் யாரு தெரியுமா?"

"கழுத்து உள்ள ஆளு. இப்பமும் இருக்கு, தொட்டுப் பாத்துக்கிடும்" என்றாள் மூக்கம்மாள்.

அவர் அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அப்போதுதான் கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு சம்பந்தி வந்து சேர்ந்தார். கல்லின் ஓரத்தில் பட்டையோடு ஒருவர். குடையோடு ஒருவன். மேலே 'கழுத்து ஆசான்' என்று பலகை. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, வழியெல்லாம் சொன்னீங்களே. எங்க உங்க ஆசான்?"

லிங்கேஸ்வரன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பட்டை கட்டிய கழுத்தைக் காட்டி 'இவர்தான்' என்று சொல்லலாம். சொன்னால், இத்தனை வருஷமும் இவரை நம்பிய முட்டாள் யார் என்ற கேள்வி வரும். சம்பந்தி வீட்டில் அது தலைமுறைக்கும் நிற்கும். அலுவலகத்தில் தவறான கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் செய்வதைத்தான் அவர் இப்போதும் செய்தார். பக்கத்தில் நின்றவனைக் காட்டினார்.

"இதோ, இவர்தான் ஆசான். அவரு… அவரு பேஷண்ட். ட்ரீட்மென்ட்டுக்கு வந்திருக்காரு."

சுடலைமணி அக்காவைப் பார்த்தான். மூக்கம்மாள் கண்ணால் கல்லைக் காட்டினாள். குடையை மடக்கி வைத்தான், எண்ணெய்ப் போத்தலை எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் அவனுக்குக் குரலே மாறிவிட்டது.

"வரும்போது ரொம்ப மோசமா இருந்தாரு சார். நிக்க முடியாது, உக்கார முடியாது. நம்ம கை பட்ட பொறவுதான் இப்பிடி நேரா உக்காருதாரு."

தான் கற்றுக்கொடுத்த பொய், ஓர் எழுத்து மாறாமல், தன் பலகைக்குக் கீழே நின்று பேசியதை சிவனணைந்தபெருமாள் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து ஓர் அறை விட்டிருப்பார். அறைகிற கை தொடைமேல் கிடந்தது.

சம்பந்தி நல்ல மனிதர். அதனால்தான் அவர் நேரே விஷயத்துக்கு வந்தார். சிவனணைந்தபெருமாளின் முகத்துக்கு நேராகக் குனிந்து, அனுதாபத்தோடு ஒரு பஜ்ஜியையும் நீட்டி, "அண்ணாச்சி, எனக்கும் கழுத்துவலிதான். உள்ளதைச் சொல்லுங்க. இவரு கை எப்படி? நம்பிக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. பட்டை ஆட்டவிடாது. இல்லை என்றும் ஆட்டவிடாது. எதுவானாலும் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். லிங்கேஸ்வரனின் கண்கள் கெஞ்சின. சுடலைமணி போத்தலை இறுக்கிப் பிடித்தான். நான்தான் ஆசான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல் திரும்பிவிடும், நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போகிற பஸ் போய்விடும். மூக்கம்மாள் மட்டும் யாரையும் பார்க்காமல் சாரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயை மூடியிருந்தாள்.

சிவனணைந்தபெருமாள் பஜ்ஜியை இடதுகையால் வாங்கிக்கொண்டார்.

"நல்ல கைதான் சார். முதுகு, தோளு, காலு, எங்கன வேணும்னாலும் தேய்க்கக் குடுங்க. கழுத்த மட்டும் குடுத்துராதீங்க. இவன்கிட்டன்னு இல்ல. எவன்கிட்டயும்."

"அத்தான்!" என்றான் சுடலைமணி.

"பேஷண்டு சொல்லுதேன்லே. எண்ணெயச் சிந்தாமத் தேய்."

லிங்கேஸ்வரனின் கை மெல்ல மேலே போய், தன் பிடரியை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டது.

மூக்கம்மாள் துண்டை உதறி வயர்கூடையில் போட்டாள். அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரியும். பஸ்ஸு வந்துரும்."

"கீழ படி எங்கன இருக்குன்னு தெரியலட்டி."

"நீரு பாக்க வேண்டாம். நான் பாக்கேன். வழியில எலுமிச்சம்பழம் கெடந்தா சொல்லுதேன், வாரும்."